மென்பொருளின் கட்டுமானம் அறிவோம்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதர்க்கு இது பொருந்தலாம்; கணினியில் நாம் நிறுவியிருக்கும் மென்பொருளுக்குச் சிறிதும் பொருந்தாது. ஒரே பெயரும், ஒரே பதிப்பு எண்ணும், ஒரே சின்னமும் தாங்கிய மென்பொருள் இரண்டு கணினிகளில் இருக்கும். ஒன்றில் அது செய்யும் வேலையை மற்றொன்றில் செய்யாது. ஏன் இந்த வேறுபாடு? அதனைக் கண்டறியும் வழி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மென்பொருள் பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். அறிஞர்கள் எழுதும் மூல நிரல் மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் இருக்கும். அதனை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவிற்கு மாற்றுவது நிரல்பெயர்ப்பியின் தொழில். இம்மாற்றம் நிகழும் முன்னரே, கட்டுபவர் சில தேர்வுகளைச் செய்கிறார். 'இந்த வசதியைச் சேர்', 'அந்த நூலகத்தை விலக்கு', 'பாதுகாப்புக் கவசத்தை இறுக்கு' என்றெல்லாம் அவர் இடும் கட்டளைகளே கட்டுமானத் தேர்வுகள் எனப்படும். 'எனேபிள்', 'டிஸேபிள்', 'வித்', 'வித்தவுட்' என்னும் நான்கு சொற்களில் ஒன்றைத் தாங்கியே இவை பெரும்பாலும் வரும்.

நம் இல்லங்களில் சாம்பார்ப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லுக்குக் கொடுத்தனுப்புகிறோம். ஒரு வீட்டில் கடலைப் பருப்பு சேர்ப்பர். மற்றொரு வீட்டில் வெந்தயம் கூடுதலாக இடுவர். அரைத்து டப்பாவில் அடைத்த பிறகு எல்லாமே 'சாம்பார்ப் பொடி'தான். வெந்தயத்தைத் திரும்பப் பிரித்தெடுக்க யாராலும் இயலாது. மென்பொருளும் அவ்வாறே. ஆயினும் ஒரு நல்ல வேறுபாடு உண்டு. மென்பொருள் டப்பாக்கள் பலவற்றின் உள்ளே, என்னென்ன இட்டு அரைத்தோம் என்ற சீட்டு ஒன்றும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அச்சீட்டை எடுத்துப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மேரி என்ற பெயர் படும் பாடு

இதெல்லாம் பொறியியல் வல்லுநர்க்கு உரியதல்லவா, பள்ளி மாணவியர்க்கு எதற்கு என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். நமக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகிறோம்.

பரிசளிப்பு விழாவிற்கு முந்நூறு மாணவியரின் பெயர்களைச் சான்றிதழில் அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையால் எழுதுவதற்குப் பதிலாகப் பைத்தான் மொழியில் பத்து வரி எழுதினால், 'பில்லோ' என்னும் படத் தொகுப்பு நூலகம் ஒவ்வொரு பெயரையும் சான்றிதழின் படத்தில் பதித்துத் தந்துவிடும். இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கல் தோன்றுகிறது. 'மே' என்ற எழுத்தை நாம் எழுதும்போது இரட்டைக் கொம்பை முதலில் போட்டு, பிறகு 'ம' எழுதுகிறோம். யூனிகோடு முறையிலோ 'ம' முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்படுகின்றன. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பதற்குத் தனியே ஒரு நூலகம் வேண்டும். அப்பணியைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்'. (பாரசீக மொழியில் 'திறந்த எழுத்து' என்ற பொருள்பட இப்பெயரை இட்டனர்.) பில்லோவுக்கும் ஹார்ஃப்பஸுக்கும் நடுவே தூது செல்வது 'ராக்ம்' என்னும் சிறு நூலகம். பில்லோவைக் கட்டும்போது ராக்மைச் சேர்க்கவும் செய்யலாம், விலக்கவும் செய்யலாம்.

ராக்ம் இல்லாத பில்லோ எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. அமைதியாகத் தன் வேலையைச் செய்யும். சேமித்த வரிசைப்படியே 'ம', பின்பு கொம்பு, பின்பு 'ரி' என்று வரைந்துவிடும். 'ம'வுக்கு உரிய கொம்பு 'ரி'யின் தலைமாட்டில் போய் நிற்பதால், படிப்பவர் 'மரே' என்று தொடங்கித் தடுமாறுவார். 'தெரேசா' இன்னும் பரிதாபம். அப்பெயர் 'தரெசோ' ஆகிவிடும்! எங்கள் வகுப்பில் மட்டும் பெயரின் முன்னோ பின்னோ மேரியைத் தாங்கியவர் ஆறு பேர். ஒரு கான்வென்ட் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனைச் சொல் கிடையாது என்பது எங்கள் கருத்து. கமலா என்ற பெயரை அச்சிட்டுப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று முடிவு செய்பவர்கள் ஏமாந்து போவர். அப்பெயரில் கொம்பே இல்லையே!

ஆகவே அச்சிடும் முன்னர்ப் பில்லோவையே கேட்டுவிடலாம். பைத்தானை அழைத்து, ஒரு சிறுகோடும் 'எம்' எழுத்தும் இட்டு, 'பில்' என்று பெரிய எழுத்துகளில் தட்டினால், தன்னுடன் சேர்ந்துள்ள வசதிகளை அது வரிசையாகக் கூறும். ராக்ம் என்ற வரியின் எதிரே 'ஓகே' என்று இருந்தால் கவலையில்லை. 'நாட் இன்ஸ்டால்டு' என்று இருந்தால் முந்நூறு தாள்களும் வீண். (கட்டளைகளை இங்குத் தமிழ் எழுத்தில் தருகிறோம், கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) இதில் ஒரு நுட்பமும் உண்டு. சில கட்டுகளில் ராக்ம் உள்ளேயே இருந்தாலும் 'ஃப்ரிபிடி' என்ற துணை நூலகத்தை அது இயங்கும் நேரத்தில்தான் தேடும். அந்நூலகம் கணினியில் இல்லையெனில் ராக்மும் இல்லாதது போலவே ஆகும். எனவே வேறொருவர் கணினியில் பார்த்த விடை நம் கணினிக்குச் செல்லாது.

'இமேஜ்மேஜிக்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதன் வெர்ஷன் கட்டளையை இட்டு, 'டெலிகேட்ஸ்' என்று தொடங்கும் வரியில் ராக்ம் உள்ளதா எனப் பார்க்கலாம். ஆண்டு விழா ஒளிப்படத்தில் எழுத்துப் பதிக்க விரும்புவோர் 'எஃப்எஃப்எம்பெக்' மென்பொருளிடம் 'பில்டுகான்ஃப்' என்று கேட்டால், அது கட்டப்பட்டபோது இட்ட தேர்வுகள் யாவும் திரையில் வரும். எழுத்துப் பதிக்கும் 'டிராடெக்ஸ்ட்' வடிப்பான் வேண்டுமானால், இக்காலப் பதிப்புகளில் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் ஆகிய இரண்டும் அப்பட்டியலில் இருந்தாக வேண்டும். அதே பட்டியலில் 'நான்ஃப்ரீ' என்ற தேர்வு இருந்தால், அப்படிக் கட்டிய மென்பொருளைப் பிறருக்கு நகலெடுத்து வழங்க உரிமம் இடம் தராது. பக்கத்துப் பள்ளிக்கு ஒரு நகல் கொடுப்போமே என்று நல்லெண்ணத்தோடு நினைப்பவர்கள் இதனை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மென்பொருளையே கேட்டல்

இவ்வாறு மென்பொருளையே நேரில் கேட்பது முதல் வழி. ஆனால் கேட்கும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. 'விம்' என்னும் எழுத்துத் தொகுப்பான் இதில் மிகவும் வெளிப்படையானது. அதன் வெர்ஷன் கட்டளையை இட்டால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். கூட்டல் குறியுடன் வருபவை சேர்க்கப்பட்டவை. கழித்தல் குறியுடன் வருபவை விலக்கப்பட்டவை. பட்டியலின் அடியில் நிரல்பெயர்ப்பிக்கு இட்ட கட்டளை வரியும் முழுமையாக இருக்கும். டெபியன் லினக்ஸில் ஒரே விம் பல உருவங்களில் கிடைக்கிறது. 'விம்' என்ற பொதியில் 'கிளிப்போர்டு' என்பதன் முன் கழித்தல் குறியும், 'விம்-ஜிடிகே3' என்ற பொதியில் கூட்டல் குறியும் இருப்பதைக் காணலாம். விம்மில் நகலெடுத்ததை வேறு சாளரத்தில் ஒட்ட முடியவில்லையே என்று விசைப்பலகையைப் பழிப்பவர்கள் இந்தக் குறியைப் பார்ப்பதில்லை.

2004ஆம் ஆண்டு ரஷ்யரான இகோர் சிசோயெவ் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' என்ற வலை வழங்கி மென்பொருளிடம் சிறிய 'வி' எழுத்தை இட்டுக் கேட்டால் பதிப்பு எண் மட்டும் வரும். பெரிய 'வி' இட்டுக் கேட்டால் கட்டுமானத் தேர்வுகள் அனைத்தும் வரும். எழுத்தின் அளவில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது, பாருங்கள்! இதன் மூல நிரலைத் தேர்வு ஏதும் இடாமல் கட்டினால், மறையாக்கம் செய்து அனுப்பும் 'எஸ்எஸ்எல்' பகுதி அதில் சேராது. அதனைக் கேட்டுப் பெற வேண்டும். கடவுச்சொல் செல்லும் இணையதளத்தை அத்தகைய கட்டைக் கொண்டு அமைக்க முற்பட்டால் பூட்டில்லாத கதவாகத்தான் முடியும்.

'கர்ல்' தன் வெர்ஷன் கட்டளையிலேயே, தான் பேசக்கூடிய நெறிமுறைகளையும் வசதிகளையும் கூறிவிடும். பிஹெச்பி, போஸ்ட்கிரெஸ், ஜிசிசி ஆகியவற்றிற்கும் இவ்வாறே தனித்தனிக் கட்டளைகள் உண்டு. நம் கைப்பேசிகளிலும் குடியிருக்கும் 'எஸ்க்யூலைட்' தரவுத்தளத்தில் 'பிராக்மா கம்பைல் ஆப்ஷன்ஸ்' என்று கேட்க வேண்டும். விடையில் 'எனேபிள் எஃப்டிஎஸ்5' என்பது இருந்தால் முழு உரைத் தேடல் அதில் உண்டு. ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் திறனையே கட்டும்போது நீக்கிவிடும் தேர்வு ஒன்றும் எஸ்க்யூலைட்டில் இருக்கிறது. சீட்டு இல்லாத டப்பாவும் உண்டு என்பதை நினைவில் கொள்க.

பதிப்பு எண் போதுமா?

போதாது என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று 2014 ஏப்ரல் 7 அன்று வெளிவந்தது. இணையத்தில் மறையாக்கத்திற்குப் பெரிதும் பயன்படும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' நூலகத்தின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் பெருங்குறை ஒன்று இருப்பது தெரியவந்தது. கூகுள் நிறுவனத்தின் நீல் மேத்தாவும், ஃபின்லாந்தின் கோடெனாமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே அதனைக் கண்டுபிடித்தனர். இணைப்பின் மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று வினவும் 'ஹார்ட்பீட்' என்ற வசதியில் குறை இருந்தது. சிறு செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு, 'நான் அனுப்பியது 64 கிலோபைட்டு நீளம். அதைத் திருப்பி அனுப்பு' என்று பொய்யாகக் கேட்டால், வழங்கி தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். அதில் பிறருடைய கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் இருக்கக்கூடும். கனடா நாட்டு வருவாய்த் துறையிலிருந்து ஏறத்தாழ 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்கள் இவ்வழியே திருடப்பட்டன. 'ஹார்ட்பிளீட்' என்று இதற்குப் பெயரிட்டனர்.

நாம் கவனிக்க வேண்டியது இதன் பரிகாரத்தை. புதிய 1.0.1ஜி பதிப்பிற்கு உடனே மாற இயலாதவர்கள், ஹார்ட்பீட்டை நீக்கும் கட்டுமானத் தேர்வை இட்டுப் பழைய பதிப்பையே மீண்டும் கட்டிக்கொள்ளலாம் என்று ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினரே அறிவித்தனர். அப்படிக் கட்டியவர்களின் பதிப்பு எண் மாறாது. ஆனால் ஆபத்து நீங்கிவிடும். மேலும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டிக் கட்டி வழங்கினர். அங்கும் நூலகம் கூறும் பதிப்பு எண் பழையதாகவே இருந்தது. ஆக, அந்நாள்களில் எண்ணை மட்டும் பார்த்தவர்களில் சிலர் காரணமின்றி அஞ்சியிருப்பர். ஓப்பன்எஸ்எஸ்எல்லிடம் 'வெர்ஷன்' என்று கேட்டு, உடன் ஒரு சிறுகோடும் 'ஏ' எழுத்தும் இட்டால், அது கட்டப்பட்ட நாளும் நிரல்பெயர்ப்பிக்கு இட்ட தேர்வுகளும் வெளிவரும். கட்டிய நாள் 2014 ஏப்ரல் 7 அல்லது அதற்குப் பிந்தியதா, ஹார்ட்பீட்டை நீக்கும் தேர்வு அதில் உள்ளதா என்பவற்றை அங்கேதான் பார்க்க முடிந்தது.

பொதிக் காப்பாளரைக் கேட்டல்

மென்பொருள் வாய் திறக்காவிட்டால், அதனை நிறுவிய பொதி மேலாளரைக் கேட்பது இரண்டாவது வழி. இதில் முதலிடம் 'ஜென்டூ' லினக்ஸுக்கே உரியது என்போம். ஜென்டூ என்பது பென்குவின் இனத்தில் மிக விரைவாக நீந்தும் பறவையின் பெயர். இந்த லினக்ஸைப் பயன்படுத்துவோர் பொதுவாகத் தம் மென்பொருளைத் தம் கணினியிலேயே மூல நிரலிலிருந்து கட்டிக்கொள்வர். 2023 டிசம்பர் முதல் கட்டி முடித்த பொதிகளும் பரவலாக வழங்கப்படுகின்றன. இங்குக் கட்டுமானத் தேர்வுகளுக்கு 'யூஸ் கொடிகள்' என்று பெயர். ஒரு கொடியை ஏற்றினால் அவ்வசதி சேரும், இறக்கினால் நீங்கும்.

'ஈக்வெரி யூஸஸ்' என்ற கட்டளையை இட்டுப் பொதியின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு கொடிக்கும் எதிரே இரண்டு பத்திகள் வரும். ஒன்றின் தலையில் 'யு' என்றும் மற்றொன்றின் தலையில் 'ஐ' என்றும் இருக்கும். 'யு' என்பது இனிக் கட்டினால் எவ்வாறு கட்டப்படும் என்பதைக் காட்டுகிறது. 'ஐ' என்பது இப்போது நிறுவப்பட்டிருப்பது எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் காட்டுகிறது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருப்பது மிகச் சிறந்த ஏற்பாடு. அமைப்புக் கோப்பில் நேற்று ஒரு கொடியை ஏற்றியிருப்போம். மென்பொருளோ சென்ற ஆண்டு கட்டியதாக இருக்கும். கோப்பைப் படித்துவிட்டு 'வசதி இருக்கிறது' என்று சொன்னால், புதுச் சமையல் குறிப்பைக் காட்டிப் பழைய குழம்பைப் புகழ்வது போலாகும். மீண்டும் கட்டும் வரை இரண்டு பத்திகளும் மாறுபட்டே நிற்கும். கட்டளை நினைவில்லாதவர்கள், வார் அடைவின் கீழ் டிபி, அதன் கீழ் பிகேஜி என்று சென்று, அந்தப் பொதிக்குரிய அடைவில் 'யூஸ்' என்ற பெயருடைய கோப்பைத் திறந்தால் கட்டியபோது இருந்த கொடிகளைச் சாதாரண எழுத்தில் படிக்கலாம்.

'ஃப்ரீபிஎஸ்டி'யிலும் இதே வேறுபாடு உண்டு. 'மேக் ஷோகான்ஃபிக்' கூறுவது இனிக் கட்டப்போவதைப் பற்றி. 'பிகேஜி இன்ஃபோ' கூறுவது நிறுவப்பட்டதைப் பற்றி. பின்னதில் ஒவ்வொரு தேர்வின் எதிரிலும் 'ஆன்' அல்லது 'ஆஃப்' என்று இருக்கும். ஃபெடோரா போன்றவற்றில் ஆர்பிஎம் பொதியின் தலைப்புக் குறிப்பிலேயே நிரல்பெயர்ப்பிக்கு இட்ட கொடிகள் 'ஆப்ட்ஃபிளாக்ஸ்' என்ற பெயரில் பதிவாகியிருக்கும்.

டெபியன் குடும்பத்தில்தான் சற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இங்கு 'டிபிகேஜி-பில்டுஃபிளாக்ஸ்' என்ற கட்டளை ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நாம் தேடுவது இதுதான் என்று தோன்றும். ஆனால் நம் கணினியில் இன்று ஒரு பொதியைக் கட்டினால் என்னென்ன இயல்பான கொடிகள் இடப்படும் என்பதையே அது கூறுகிறது. ஏற்கெனவே எங்கோ கட்டி நாம் இறக்கிய பொதியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மூலப் பொதியை இறக்கி, 'டெபியன்' அடைவிலுள்ள 'ரூல்ஸ்' கோப்பைப் படிக்க வேண்டும்; அல்லது டெபியனின் கட்டுமானக் கணினிகள் வெளியிடும் பதிவேட்டில் அப்பொதியின் பக்கத்தைத் தேட வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

லினக்ஸ் கருவுக்கும் இத்தகைய பட்டியல் உண்டு. பல வெளியீடுகளில் 'பூட்' அடைவில் 'கான்ஃபிக்' என்று தொடங்கும் கோப்பாக அது இருக்கும். 'ஒய்' என்றிருந்தால் அவ்வசதி கருவிலேயே கலந்தது. 'எம்' என்றிருந்தால் தனி மாட்யூலாக வைக்கப்பட்டது. 'இஸ் நாட் செட்' என்றிருந்தால் இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும் கருவிடமே கேட்க விரும்பினால் 'ப்ராக்' அடைவில் 'கான்ஃபிக்' என்ற சுருக்கிய கோப்பு கிடைக்கும். அதற்கும் கட்டும்போதே அத்தேர்வை இட்டிருக்க வேண்டும்.

சீட்டை நம்பலாமா?

மேற்கூறிய யாவும் கட்டியவர் எழுதி வைத்ததை நாம் படிப்பதேயாகும். எழுதாமல் ஒன்றைக் கலந்திருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைவாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனதே அவருக்கு ஐயத்தை உண்டாக்கியது. அரை நொடி! நம்மில் யார் அதைக் கவனித்திருப்போம்? தீய நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதனை வெளியே எடுத்துக் கலக்கும் வேலையைக் கட்டுமானக் குறிப்பே செய்தது. அதுவும் டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டும்போது மட்டுமே செய்தது. எந்தத் தேர்வுப் பட்டியலிலும் அதற்குப் பெயர் இல்லை.

இதனால்தான், ஒரே மூல நிரலை ஒரே தேர்வுகளுடன் யார் கட்டினாலும் கடைசிப் பிட்டு வரை ஒரே விளைவு வர வேண்டும் என்னும் முயற்சி வலுப்பெற்று வருகிறது. டெபியனில் இது 2013இல் தொடங்கியது. கட்டிய சூழலைக் குறித்து வைக்கும் 'பில்டுஇன்ஃபோ' என்ற கோப்பைக் கொண்டு மற்றொருவர் அதே பொதியை மீண்டும் கட்டி ஒப்பிடலாம். வேறுபாடு இருந்தால் 'டிஃபோஸ்கோப்' என்ற கருவி அது எந்த இடத்தில் என்று சுட்டிக் காட்டும். (இருவரும் நச்சு கலந்த அதே மூலத்திலிருந்து கட்டினால் விளைவு ஒன்றாகவே இருக்கும், ஆகவே இது கட்டிய கையைச் சோதிக்குமேயன்றி மூலத்தைச் சோதிக்காது.) பெரும்பாலும் அகப்படும் வேறுபாடு தீங்கற்றதுதான்: கட்டிய நேரத்தை நிரல்பெயர்ப்பி உள்ளே பொறித்துவிடுவது. அதனை நிலையாக வைப்பதற்கென்றே 'சோர்ஸ் டேட் இபாக்' என்ற மாறியை வகுத்திருக்கிறார்கள்.

அடுத்த பருவத்தில் எங்கள் வகுப்பினர் சிறு நிரல் ஒன்றை அம்மாறி இன்றி ஒரு முறையும், அதனுடன் ஒரு முறையும், இரு வேறு நாள்களில் கட்டி ஒப்பிட்டுப் பார்க்க இருக்கிறோம். கணினி ஆசிரியை இசைந்துவிட்டார். ஆய்வுக்கூடத்தின் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை மட்டும் கிடைக்க வேண்டும்.